செயின்ட்-மிஷேலில் ஒரு சோழப் படையெடுப்பு

மாண்ட்ரியலில் இறங்கிய அன்று எனக்குக் கிடைத்த முதல் சாப்பாடு இடியப்பமும் சொதியும். இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறோம், வாயில் நுழையாத பெயரோடு ஏதாவது வரும் என்று நாக்கைத் தயார் செய்து வைத்திருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். முதல் வாயிலேயே அது போய்விட்டது. திருநெல்வேலிக் கல்யாணத்தில் சாப்பிட்ட சொதியில் காய்கறி மிதக்கும். இதுவோ மஞ்சளாக, தண்ணீராக, எலுமிச்சை வாசனையோடு இருந்தது. பதினேழு இடியப்பம் வரை எண்ணினேன். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"இன்னும் ரெண்டு வைக்கட்டே, அண்ணை?" என்று கேட்டுக்கொண்டே நாலு வைத்தார் சமைத்தவர். அகலமான தோள், அடர்ந்த மீசை, ஓர் அதட்டல் போட்டால் ஆயிரம் பேர் எழுந்து நிற்கிற மாதிரி முகம். நான் ஓவியன். யார் முகத்தைப் பார்த்தாலும் இதை எந்தப் படத்தில் எங்கே வைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். சாப்பிட்டு முடிப்பதற்குள் அவருக்கு இடம் பார்த்துவிட்டேன்.

கும்பகோணத்தில் சினிமா கட்-அவுட் வரைந்து கை பழகியவன் நான். இப்போது கல்யாண மண்டபச் சுவர்கள் வரைகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயில் பார்க்க வந்த சிவநாதன் அண்ணன், ஒரு மண்டபத்தில் நான் வரைந்திருந்த யானைப் படையைப் பார்த்துவிட்டு என் நம்பரை வாங்கிப் போனார். பருத்தித்துறைக்காரர். முப்பது வருஷமாக மாண்ட்ரியல்வாசி. செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு பழைய கம்பளக் கிடங்கை விழா மண்டபமாக மாற்றிக்கொண்டிருந்தார். அதன் நாற்பது அடிச் சுவரில், ராஜேந்திர சோழன் காலத்துப் படை ஈழத்தை வென்று அதன் அரசனைச் சிறைபிடித்த காட்சி வேண்டும் என்றார். அதற்காகத்தான் இந்தப் பயணம். திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. கட்-அவுட்காரனுக்கு அது போதும்.

"ஏண்ணே இந்தக் காட்சி?" என்று கேட்டேன். மகாலட்சுமி, மயில், வாழைமரம் என்றால்தான் எனக்குப் பழக்கம்.

சிவநாதன் அண்ணன் வெறும் சுவரை உள்ளங்கையால் தடவினார். ஒல்லியான ஆள், நீண்ட முகம், தூக்கம் குறைந்த கண்கள். "எங்கட ஆக்கள் தோத்த படங்களைத்தான் இவ்வளவு காலமும் பாத்துக்கொண்டிருக்கினம், தம்பி. ஒரு சுவரிலயாவது வெல்லட்டும்" என்றார்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நான் சோழ நாட்டுக்காரன் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே நியாயமாகப் பட்டது.

திங்கட்கிழமை ஊர் பார்த்தேன். ஏப்ரல் கடைசி. தெருவோரத்தில் அழுக்குப் பனி குவியல் குவியலாகக் கிடந்தது. சாலை பூராவும் ஆரஞ்சு நிறக் கூம்புகள். வேலை நடக்கிற இடத்திலும் இருந்தன, நடக்காத இடத்திலும் இருந்தன. போர்டு எழுதிப் பிழைத்தவன் என்பதால் என் கண் கடைப் பலகைகளிலேயே நின்றது. பிரெஞ்சு எழுத்துதான் பெரிதாக இருக்க வேண்டும், மற்ற மொழி அதற்கு அடங்கித்தான் வர வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். மளிகைக் கடையில் தமிழ் எழுத்து ஓர் ஓரத்தில் சின்னதாக உட்கார்ந்திருந்தது. இங்கிலீஷுக்கும் அதே ஓரம்தான். உலகத்தில் எந்த ஊரிலும் நான் இங்கிலீஷை இந்தக் கோலத்தில் பார்த்ததில்லை.

சுவரைப் பூசி வழுவழுப்பாக்க லூக் என்று பிரெஞ்சு பேசும் உள்ளூர்க்காரர் ஒருவர் வந்திருந்தார். அறுபது வயது, வாயில் ஓயாத பாட்டு. அவர் பேசுவதை சிவநாதன் அண்ணனின் மனைவி ரஞ்சினி அக்கா எனக்குத் தமிழில் சொல்வார். திருகோணமலையில் பிறந்தவர், இங்கே குழந்தைகள் காப்பகத்தில் வேலை. காப்பகத்தை எல்லோரும் கார்டரி என்கிறார்கள். நாள் முழுக்க மூன்று வயதுப் பிள்ளைகளோடு பிரெஞ்சு பேசுவதால், லூக்கிடமும் மூக்கைத் துடைத்துவிடுகிற தோரணையிலேயே பேசுவார்.

என்ன வரையப் போகிறேன் என்று லூக் கேட்டார். சொன்னேன். அவருக்கு ஒரே உற்சாகம். கையிலிருந்த பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இவற்ர பாட்டன் பூட்டன் எல்லாம் நார்மண்டியில இருந்து வந்தவையாம்" என்றார் ரஞ்சினி அக்கா. "ஆயிரம் வருசத்துக்கு முதல் நார்மண்டிக்காரர் கடல் தாண்டிப் போய் இங்கிலாந்தைப் பிடிச்சவையாம். பேந்து எழுநூறு வருசம் கழிச்சு இங்கிலீசுக்காரன் வந்து இஞ்ச இவையைப் பிடிச்சவனாம். ஒண்டுக்கு ஒண்டு, சமம் எண்டுறார்."

லூக் விடவில்லை. இங்கிலாந்தில் கோர்ட்டில் பேசுகிற பாஷை, கோட்டை கட்டுகிற விதம், நிலம் யாருக்குச் சொந்தம் என்பது, எல்லாமே அந்த ஒரு படையெடுப்பில் மாறிப்போயிற்றாம். "மாட்டை வளத்தவன் இங்கிலீசுக்காரனாம், அதால தொழுவத்தில நிக்கேக்க அதுக்கு இங்கிலீசுப் பேர், கௌ. திண்டவன் பிரெஞ்சுக்காரனாம், அதால கோப்பைக்கு இறைச்சியா வந்தா பிரெஞ்சுப் பேர், பீஃப்." தோற்ற ஊரை மட்டுமல்லாமல் அதன் சாப்பாட்டுத் தட்டையும் போர் மாற்றிவிடும் என்பது எனக்குப் புதுசு.

பிறகு லூக் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் ஆட்கள் அந்தத் தீவைப் பிடித்தார்களே, பிடித்து என்ன ஆயிற்று?

"ஐம்பது அறுபது வருஷம் ஆண்டாங்க. அப்புறம் வந்துட்டாங்க" என்றேன்.

"வந்துவிட்டார்களா? நார்மண்டிக்காரன் போனவன் திரும்பவில்லையே. அங்கேயே இருந்து இங்கிலீஷ்காரனாகவே ஆகிவிட்டானே. அப்படியானால் நீங்கள் எதை மாற்றினீர்கள்?"

யானைகளை எத்தனை அடியில் வரைவது என்று மட்டும்தான் அதுவரை யோசித்திருந்தேன். கப்பல், கொடி, மகுடம், அதோடு படம் முடிந்துவிடும். மறுநாள் காலை அந்த ஊர் எப்படி எழுந்தது என்று எந்தச் சுவரிலும் நான் வரைந்ததில்லை.

புதன்கிழமை நுனி மெலிந்த தூரிகை வாங்க நகரத்துக்குப் போய்விட்டு மெட்ரோவில் திரும்பினேன். செயின்ட்-மிஷேல் நீலப் பாதையின் கடைசி நிலையம். அதனால் தொலைந்துபோக வழியே இல்லை, கடைசி வரை உட்கார்ந்திருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு ரயிலுக்கு இரண்டு கடைசிகள் இருக்கும் என்பதை நான்தான் மறந்துவிட்டேன். நன்றாகத் தூங்கி எதிர்க் கடைசியில் இறங்கினேன். ஹைத்தியிலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மாள், நான் மேப்பைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் என் சட்டைக் கையைப் பிடித்து அடுத்த பிளாட்பாரத்தில் கொண்டு நிறுத்தினார். "மெர்சி" என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

இங்கே எல்லாக் காரின் நம்பர் பலகையிலும் ஒரே வாசகம் எழுதியிருக்கிறது. ரஞ்சினி அக்காவிடம் அர்த்தம் கேட்டேன். "எனக்கு ஞாபகம் இருக்கு" என்பதாம். என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால், ஆளுக்கு ஒன்று சொல்வார்களாம்.

முதல் வாரத்திலேயே கடலும் கப்பலும் முடிந்தன. புலிக்கொடியை எவ்வளவு பெரிதாக வரைவது என்பதில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அக்கா சொன்ன அளவுதான் நின்றது. சமையல்காரர் வேளை தவறாமல் தேநீர் கொண்டுவருவார். சிவநாதன் அண்ணன் அவரை "மச்சான்" என்றுதான் கூப்பிடுவார். நானும் அவரை ரஞ்சினி அக்காவின் தம்பி என்றே எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் இரண்டு பேரும் ஒரே குளிர்காலத்தில் இந்த ஊருக்கு வந்தவர்கள். ஓர் அறை, இரண்டு பேர், ஒரே ஒரு குளிர் கோட்டு. சிவநாதன் அண்ணனுக்குப் பகல் வேலை, மச்சானுக்கு இரவு வேலை. ஒருவர் வந்து கழற்றினால்தான் மற்றவர் போட்டுக்கொண்டு போக முடியும். "கோட்டு ஒரு நாளும் குளிர்ந்ததில்ல" என்று சிவநாதன் அண்ணன் சொல்லிச் சிரிப்பார். இந்த மண்டபம் என்கிற யோசனையே மச்சானின் கையை நம்பி வந்ததுதானாம். "மச்சான் இல்லையெண்டா நான் கதவே திறக்க மாட்டன், தம்பி."

ஒரு நாள் மச்சான் தேநீரோடு நின்று சுவரைப் பார்த்தார்.

"இது எந்தச் சண்டை, அண்ணை?"

"ராஜேந்திர சோழன் காலத்துல நம்ம ஆளுங்க ஈழத்தைப் புடிச்சாங்க இல்லையா, அது."

"நம்ம ஆக்கள்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "அந்தக் கயித்தில கட்டுப்பட்டு நிக்கிறவர்?"

"அவர்தான் தோத்த ராஜா."

"தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முகங்களுக்கு நாங்கள் ஊர் ஊராக மாடல் தேடுவதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான். வேலை கொடுத்த முதலாளியின் முகத்தை மட்டும் படத்தில் எது பெரிய இடமோ அங்கே வைப்போம். விதானத்தில் தசரதராக உட்கார்ந்திருக்கும் அரிசி ஆலை முதலாளிகள் எங்கள் மாவட்டத்தில் நிறைய. வரைந்த முகங்களைக் கடைசி நாள் வரை காகிதம் ஒட்டி மூடிவிடுவதும் வழக்கம். இல்லாவிட்டால் போகிறவன் வருகிறவனெல்லாம் மூக்கைத் திருத்தச் சொல்வான்.

நான் படித்த வரையில் ராஜேந்திரன் தஞ்சையில் இருந்தார், படையை நடத்தி வந்தவன் தளபதி. ஆகவே படத்தில் ராஜா என்று ஒரே ஒருவர்தான். அந்த ராஜாவுக்கு முதலாளி சிவநாதன் அண்ணனின் முகத்தை வைத்தேன். கயிற்றைப் பிடித்து நிற்கும் சோழத் தளபதிக்கு மச்சானின் முகம். மீசை அப்படியே அமைந்தது. காகிதத்தை ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் வாரம், புதன்கிழமை. திறப்பு விழாவுக்குச் சாமான் வாங்க மச்சான் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு புரோசார்டுக்குப் போனார். ஆற்றைத் தாண்டியதும் பெரிய பெரிய சீனக் கடைகள். தொட்டியில் உயிரோடு நண்டு நகர்ந்தது. கறிக்கு வாசனை சேர்க்கும் ரம்பை இலையை ஐஸ் கட்டி மாதிரி உறையவைத்து விற்றார்கள். மச்சான் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து நாலு பெட்டியைத் தள்ளிவிட்டு ஐந்தாவதை எடுத்தார். அப்போது அவருக்கு ஒரு போன் வந்தது. எனக்குத் தெரியாத ஒரு பாஷையில் சிரித்துச் சிரித்துப் பேசினார்.

"யாருண்ணே?" என்றேன்.

"என்ர அக்கா. பொலன்னறுவையில இருந்து."

"அங்கேயும் நம்ம ஆளுங்க இருக்காங்களா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "அண்ணை, நான் சிங்களவன். பேர் பண்டார. சிவா சொல்லேல்லயே?"

கையில் கறிவேப்பிலைக் கட்டோடு அப்படியே நின்றேன். காகிதத்துக்கு அடியில் இருக்கிற அந்த முகம்தான் கண் முன்னால் வந்தது.

திரும்பும்போது வேனில் அவர்தான் பேசினார். கோபம் எதுவும் தெரியவில்லை.

"எங்கட ராசாக்கள் பரம்பரை பரம்பரையா அனுராதபுரத்தில இருந்தவை. உங்கட ஆக்கள் வந்து பொலன்னறுவையைத் தலைநகராக்கினவை. பேந்து எங்கட விஜயபாகு உங்களைக் கலைச்சான். கலைச்சவன் பழைய இடத்துக்குப் போனவனே? முடியை அனுராதபுரத்தில போய்ச் சூடிப்போட்டு, இருக்கிறதுக்குப் பொலன்னறுவைக்குத்தான் வந்தவன். நீங்கள் பிடிச்ச இடத்திலயே எங்கட ராச்சியம் தொடங்கினது. நீங்கள் வராட்டி எங்கட ஊர் வெறும் காடு, அண்ணை."

ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே வேனை வளைத்து ஓட்டிக்கொண்டே தொடர்ந்தார். "உங்கட ஆக்கள் கட்டின சிவன் கோயில் இப்பவும் நிக்குது. கல்லுக் கோயில். பிள்ளை வேணுமெண்டா எங்கட பொம்பிளையள் அங்க போய் விளக்குக் கொளுத்துறவை. எங்கட அம்மாவுக்குப் பத்து வருசமாப் பிள்ளை தங்கேல்ல. அங்க போய்க் கும்பிட்டவ. பேந்துதான் அக்காவும் நானும்."

புத்தரின் பல்லை வைத்திருந்த கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருப்பதையும் சொன்னார். வேளைக்காரப் படை என்ற தமிழ்ப் படைவீரர்கள், அந்தக் கோயிலை நாங்கள் உயிரைக் கொடுத்தாவது காப்போம் என்று எழுதி வைத்த கல். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டினார்களாம். "அப்ப எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. இஞ்ச வந்து சிவாவோட ஒரு அறையில இருக்கேக்கதான் தமிழ் படிச்சனான். பேந்து ஊருக்குப் போகேக்க அந்தக் கல்லில ஒண்டு ரெண்டு எழுத்துத் தட்டுப்பட்டுது."

நான் சோழ நாட்டில் பிறந்து, சோழனையே வரைந்து சோறு தின்கிறவன். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. லூக் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த மனிதரிடம் இருந்திருக்கிறது. நான் அவரிடம் கேட்டது தேநீருக்குச் சர்க்கரை மட்டும்தான்.

"அந்த ராசாவை உங்கட ஊருக்குக் கொண்டுபோனவை எல்லே. எங்க வைச்சிருந்தவை?" என்று கேட்டார்.

"தெரியலண்ணே. அங்கேயே இறந்துட்டார்னு மட்டும் படிச்சிருக்கேன்."

"ம்" என்றார். வேனைப் பாலத்தில் ஏற்றினார். "சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில, ஊர்க் கடைசியில, ஒரு கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில சமைக்க என்னைக் கூப்பிடினம். ரெண்டு வருசமாக் கூப்பிடினம். சிவாவுக்காகப் போகாமல் இருந்தனான். இந்தச் சுவரைப் பாத்த நாளில இருந்து யோசிக்கிறன்."

அன்றைக்கே காகிதத்தைப் பிரித்து முகங்களை மாற்றியிருக்க வேண்டும். ஆனால் யாருக்கு யாரை மாற்றுவது? ராஜா முகத்தைத் தளபதிக்கும், தளபதி முகத்தை ராஜாவுக்கும் வைத்தால் இன்னும் விபரீதம். நாளைக்குப் பார்க்கலாம் என்று கொடியில் இல்லாத சுருக்கங்களை வரைந்து பொழுதைக் கழித்தேன். சுத்தக் கோழைத்தனம்.

வியாழக்கிழமை அந்த நாளையும் ரஞ்சினி அக்கா எனக்கு விட்டுவைக்கவில்லை. வேலை முடிந்து வந்தவர், பொறுக்க மாட்டாமல் ஏணியில் ஏறித் தளபதி முகத்துக் காகிதத்தை உரித்தார். "ஐயோ, எங்கட மச்சான்!" என்று கை தட்டினார். அடுத்ததையும் உரித்தார். கைகள் கட்டப்பட்டு, மகுடம் பறிபோய், தலை குனிந்து நிற்கிற தன் புருஷனைப் பார்த்ததும், ஏணியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார்.

சத்தம் கேட்டு வந்த சிவநாதன் அண்ணன் சிரிக்கவில்லை.

"என்னை ஏன் கட்டி வைச்சிருக்கிறீர்?" என்றார். அதுவரை தம்பி என்று கூப்பிட்டவர்.

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். முதலாளிக்கு ராஜா முகம். சொல்லச் சொல்ல எனக்கே அது எவ்வளவு மடத்தனம் என்று தெரிந்தது.

"மாத்தும். ரெண்டையும் மாறி வையும்."

"ரெண்டையும் மாறி வைச்சா நான் கயித்தில நிப்பன்" என்று ஒரு குரல் வந்தது. பண்டார சமையலறைக் கதவருகே ஈரக் கையைத் துடைத்தபடி நின்றார்.

"படம்தானே, மச்சான்."

"படம்தான். இப்ப கீறியிருக்கிற இடத்தில நான் என்ர ராசாவைக் கட்டுறன். மாத்தினா நீ என்னைக் கட்டுறாய். நான் இந்தச் சுவரில எங்க நிக்கிறது, சிவா?"

ரஞ்சினி அக்காவின் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. "நீ சிங்களவன் எண்டதே எனக்கு மறந்துபோச்சு, மச்சான். சத்தியமா. இந்தப் படத்தை யோசிக்கேக்க ஒரு நிமிசம்கூட அது எனக்குத் தோன்றேல்ல" என்றார் சிவநாதன் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை.

"எனக்கு மறக்கேல்ல" என்றார் பண்டார. "சனிக்கிழமை சமைச்சுத் தாறன். சொன்ன வாக்கு. அதுக்குப் பேந்து நான் சென்ட்-ஆனுக்குப் போறன்."

உள்ளே போனார். கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டது. வெங்காயத்தாள் போன்ற லீக்ஸை வெட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை நான் வரும்போது சிவநாதன் அண்ணன் ஏற்கெனவே வந்து ஒரு பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருக்கவில்லை. எதிரே சுவரில் அவரே கட்டுண்டு நின்றார்.

"அண்ணே, முழுசா வெள்ளை அடிச்சிரலாமா?" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய வார்த்தை அது. நல்ல யானைகள் அவை.

"வேண்டாம். வெள்ளை அடிச்சாலும் அவனுக்கும் எனக்கும் அடியில என்ன கிடக்கெண்டு தெரியும்." சவரம் செய்யாத தாடையைத் தடவிக்கொண்டார். "என்ர முகம் அங்கயே கிடக்கட்டும்."

"வர்றவங்க சிரிப்பாங்கண்ணே."

"சிரிக்கட்டும். அந்த ராசாவும் நடந்துதானே போனவன், எல்லாரும் பாக்க. மச்சான்ர முகத்தை மட்டும் எடும்."

"எடுத்துட்டு? தளபதிக்கு யாரை வைக்கிறது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சோழ நாட்டில இருந்து வந்த ஆள் இஞ்ச வேற ஆர் இருக்கினம், தம்பி?"

மணமகள் அறையிலிருந்து ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கி வந்து ஏணிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். முப்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான முகம் வரைந்திருக்கிறேன், என் முகத்தை வரைந்ததில்லை. பண்டாரவின் மீசை மேல் தோல் நிறத்தைப் பூசி மூடினேன். மூக்கு வந்தது, தாடை வந்தது. வெற்றி பெற்றவனின் பார்வை மட்டும் வரவே இல்லை. கண்ணாடியில் நெஞ்சை நிமிர்த்திப் பார்த்தேன், புருவத்தை உயர்த்திப் பார்த்தேன். ஒரு முழத் தூரத்தில் என்னை வரவழைத்துச் சோறு போட்ட சிவநாதன் அண்ணன் கை கட்டுண்டு நிற்க, அந்தக் கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்தது. முடிச்சையும் நான்தான் அவ்வளவு இறுக்கமாக வரைந்திருந்தேன். வந்த பார்வையை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.

பண்டார அன்று முழுக்க மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் தரையையே பார்த்து நடந்தார். எனக்குத் தேநீர் மட்டும் வேளைக்கு வந்தது.

சனிக்கிழமை கூட்டமான கூட்டம். நாதஸ்வரம் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து ஒலித்தது. பிள்ளைகள் யானைக்குக் கீழே நின்று பிரெஞ்சில் கத்தி விளையாடினார்கள். ஆட்டிறைச்சிக் கறிக்கு நீண்ட வரிசை. லூக் மூன்றாவது தடவை வாங்கி வந்து, வியர்த்து வழிய எனக்குக் கட்டை விரலைக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சுவரைப் பார்த்து, பிறகு சிவநாதன் அண்ணனைப் பார்த்து, மறுபடி சுவரைப் பார்த்தார்கள்.

"உது நீரெல்லே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "சோழன்ர ஆளா நிக்க வேண்டிய மனிசன், உங்க ஏன் போய் நிக்கிறீர்?"

"ஓம், நான்தான்" என்றார் சிவநாதன் அண்ணன். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் சாப்பிட்டீர்களா என்பதுதான் பதில்.

"அந்தத் தளபதி ஏன் களவு பிடிபட்டவன் மாதிரி முழுசிறான்?" என்று இன்னொருவர் என்னிடமே கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

கூட்டம் தாங்காமல் சமையலறைக் கதவுப் பக்கம் ஒதுங்கினேன். பண்டார அகப்பையோடு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். அப்போதுதான் முதல் தடவையாகச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். கப்பல்களிலிருந்து தொடங்கி மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்து அந்த இரண்டு முகங்களில் நின்றார்.

"உங்களை நீங்களே வடிவாத்தான் கீறியிருக்கிறியள், அண்ணை" என்றார்.

"மன்னிச்சுக்குங்கண்ணே" என்றேன். இரண்டு நாளாகச் சொல்ல வேண்டியது அப்போதுதான் வெளியே வந்தது.

அவர் சுவரில் குனிந்திருந்த சிவநாதன் அண்ணனின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் நாளைக்குப் பிளேன் ஏறிடுவியள்" என்றார். "நானும் சிவாவும்தான் இந்தச் சுவரோட இருக்க வேணும்."

பிறகு அகப்பையைத் தூக்கிக் காட்டி, கூட்டத்துக்கு மேலாகச் சத்தம் போட்டார். "சிவா! சோறு முடியப்போகுது. ஆக்களை மெல்ல மெல்ல விடு!"

மாலையும் கழுத்துமாக யாரோ முக்கியஸ்தர்களோடு படமெடுக்க நின்ற சிவநாதன் அண்ணன் சட்டென்று திரும்பினார். கதவில் நிற்கும் பண்டாரவைப் பார்த்தார். "ஓம் மச்சான், வாறன்!" என்று கத்திவிட்டு, மாலையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவர் கையில் திணித்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்தார்.